மெசினுக்கும் ஆயுள் உண்டு

புல்வெட்டும் மெசின் ஒன்று நிரையில் நின்றுபோனால், தோட்டத்தில் முதலில் எழும் கேள்வி "யார் கையில் இருந்தது?" என்பதாகும். "எத்தனை மணி ஓடியிருக்கிறது?" என்று கேட்பவரை நாம் அதிகம் கண்டதில்லை. முதல் கேள்விக்கு உடனே ஓர் ஆளின் பெயர் கிடைத்துவிடுகிறது. பெயர் கிடைத்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் வேண்டுமானால் கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். சிறு எஞ்சின் எவ்வளவு காலம் உழைக்கும், எப்போது அதை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் மெக்கானிக் பேச வேண்டிய சங்கதி, சங்கப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் நினைக்கலாம். கூலியில் பிடித்தம், "மெசினைக் கெடுத்தவன்" என்ற பெயர், கை விரல்களில் மரமரப்பு ஆகிய மூன்றும் இந்தச் சிறு எஞ்சினிலிருந்துதான் தொழிலாளிக்கு வந்து சேருகின்றன. ஆகவே இது நம் சங்கதியே.

ஒரு காலத்தில் தோட்டத்து எஞ்சின் என்றால் ஆலைக்குள்ளே நின்ற இடத்தில் நின்று ஓடும் எஞ்சின்தான். இன்று எஞ்சின் தொழிலாளியின் தோளிலும் முதுகிலும் ஏறிவிட்டது. நிரையில் புல் வெட்டுவதற்கு ஒன்று. இலையுதிர்ந்து கித்தா மரம் புதுக்கொழுந்து விடும் நாட்களில், சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் அடிப்பதற்கு முதுகில் சுமக்கும் ஊதுமெசின் ஒன்று. நாற்று மேடைக்குத் தண்ணீர் இறைக்க இன்னொன்று. பாராகுவாட் மருந்து 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. நஞ்சு போனதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் புல் போகவில்லை. மருந்து அடித்த இடத்தில் இனி கத்தி ஓட வேண்டுமென்றால் அந்தக் கத்தியைச் சுற்றும் எஞ்சினும் கூடுதலாக ஓடித்தான் ஆக வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பழைய நாளில் லிஸ்டர் கம்பெனி செய்து உலகமெங்கும் அனுப்பிய ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று உண்டு. அது நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். மணிக்கு 39,000 சுற்று ஆகிறது. தோளில் மாட்டும் புல்வெட்டு மெசினோ, முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 சுற்று சுற்றுகிறது. மணிக்கு 4,20,000 சுற்று. பழைய எஞ்சினைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்! பழையது தடித்த இரும்பால் வார்த்தது, மனிதர் பலர் சேர்ந்து தூக்க வேண்டியது. புதியதன் சிலிண்டர் கொள்ளளவு 30 சி.சி. அளவில்தான், அதாவது மங்கின் அடியில் தேங்கி நிற்கும் பால் அளவு. "அந்தக் காலத்து எஞ்சின் முப்பது வருஷம் ஓடியது, இவன் கையில் கொடுத்தது ஒரு வருஷத்தில் போய்விட்டது" என்று சொல்லும் பெரியவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

எஞ்சினின் வயதை வருஷத்தில் எண்ணுவதே தவறு. அதற்கு வயது மணிக்கணக்கில்தான். மரம் சீவும் நமக்கு இது புதிய பாடமா? ஒரு மரத்தில் இன்னும் எத்தனை காலம் பால் எடுக்கலாம் என்பதை நட்ட வருஷத்தை மட்டும் வைத்து யாராவது சொல்லுவார்களா? எத்தனை நாளைக்கு ஒருமுறை சீவுகிறார்கள், ஒரு சீவலுக்கு எவ்வளவு பட்டை போகிறது, மீதிப் பட்டை எவ்வளவு என்று கோல் வைத்து அளந்தல்லவா சொல்லுகிறார்கள்! ஒருநாள் விட்டு ஒருநாள் சீவும் மரமும், நாள்தோறும் சீவும் மரமும் ஒரே வருஷத்தில் நட்டவையாக இருந்தாலும் ஒரே வயதுடையவை ஆகா. எஞ்சினில் தேய்வது பட்டைக்குப் பதிலாகப் பிஸ்டனும் வளையமும் சிலிண்டர் சுவரும். வித்தியாசம் என்னவென்றால், மரத்துக்குப் பட்டை திரும்ப வளரும். சிலிண்டருக்கு வளராது.

எத்தனை மணி என்ற கேள்விக்கு ஒரு சான்றைக் காட்டுவோம். அமெரிக்காவில் சிறு எஞ்சின் விற்பவர், அது விடும் புகை குறிப்பிட்ட மணி நேரம் வரையிலும் சட்ட அளவுக்குள் இருக்கும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்துக்கு உறுதி சொல்ல வேண்டும். கையில் பிடித்து வேலை செய்யும் மெசின்களுக்கு அங்கே வைத்திருக்கும் படிகள் மூன்று: 50 மணி, 125 மணி, 300 மணி. தரையில் நின்று ஓடும் சிறு எஞ்சின்களுக்கு 125, 250, 500 மணி. அவற்றில் பெரியவற்றுக்கு 1,000 மணி வரை. இந்த எண்கள் எஞ்சின் சாகும் நாளைக் குறிப்பவை ஆகா. நல்ல பராமரிப்பில் அதற்கு மேலும் பல மடங்கு ஓடும் எஞ்சின்கள் உண்டு. ஆனால் செய்தவனே "இத்தனை மணி வரைதான் உறுதி" என்று சொல்லும் எண் எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள்.

பட்டணத்தில் ஒரு வீட்டுக்காரர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் புல் வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 26 மணி. 300 மணியைத் தொட அவருக்குப் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதே மெசின் தோட்டத்துக்கு வந்து, நாளுக்கு 6 மணி வீதம் மாதம் 25 நாள் ஓடினால் 150 மணி. இரண்டே மாதத்தில் 300 மணி! ஒரு வருஷத்தில் 1,800 மணி. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் 1,800 மணி ஓடினால் 90,000 கிலோமீட்டர் போயிருக்கும். அந்தக் காரை ஓட்டிய டிரைவரைக் கூப்பிட்டு, "ஒரு வருஷத்தில் டயரைத் தேய்த்துவிட்டாயே" என்று எந்த முதலாளியும் அதட்டுவதில்லை. அப்படியிருக்க, புல் வெட்டியவனை மட்டும் ஏன் அதட்டுகிறார்கள்?

மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இதுதான்: வீட்டுக்கென்று மலிவாகச் செய்த எஞ்சின் சில நூறு மணி, தொழிலுக்கென்று செய்த எஞ்சின் கவனித்து வந்தால் ஆயிரம் முதல் இரண்டாயிரம் மணி, தண்ணீரால் குளிரும் சிறு டீசல் எஞ்சின் பல ஆயிரம் மணி. இதிலிருந்து ஒன்று விளங்கும். மலிவு பார்த்து வீட்டு மெசினை வாங்கித் தோட்ட வேலைக்கு விட்ட நிருவாகம், அது சாகும் நாளையும் அன்றே தீர்மானித்துவிட்டது. அந்த மெசினை முதல் நாள் தோளில் மாட்டியவனுக்கும் கடைசி நாள் மாட்டியவனுக்கும் அந்தத் தீர்மானத்தில் பங்கு இல்லை.

எல்லா மெசினும் வயதால்தான் சாகின்றன என்று நாம் வாதாட வரவில்லை. கவனக்குறைவால் சாகின்றவை உண்டு. எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றினால், நேற்று வாங்கிய எஞ்சினும் இன்று நின்றுவிடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் அதன் உயிர். மெசினில் 25-க்கு 1 என்று போட்டிருந்தால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி லிட்டர் எண்ணெய். 50-க்கு 1 என்றால் 100 மில்லி லிட்டர். எது என்பதை மெசினோடு வந்த புத்தகம் சொல்லும். பக்கத்துத் தோட்டத்து வழக்கத்தைக் கேட்டுக் கலக்கக் கூடாது. லாரியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைக் கலந்து கொடுத்த ஸ்டோரும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அப்படிக் கலந்தவர் ஒருவர், பழி சுமந்தவர் வேறொருவர்!

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் தனியாக நிற்கும். ஆனால் அளவு மிகக் கொஞ்சம். பரவலாகப் புழங்கும் ஹோண்டா ஜி.எக்ஸ். 160 எஞ்சினில் அது ஏறத்தாழ 600 மில்லி லிட்டர்தான். எண்ணெயை வடிகட்டும் பில்ட்டரும் அதில் இல்லை. முதல் 20 மணியில் ஒருமுறை, பிறகு 100 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அதன் புத்தகம் சொல்லுகிறது. காற்று வடிகட்டியை 50 மணிக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும், தூசியான இடமானால் அதற்கும் முன்னதாக. மாதம் 150 மணி ஓடும் தோட்டத்தில் இது இரண்டு மாதத்துக்கு மூன்று முறை எண்ணெய் மாற்றுவதாகும். வருஷத்துக்கு ஒருமுறை "சர்வீஸ்" என்று கடைக்கு அனுப்பும் தோட்டங்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

இங்கே இன்னொன்றையும் கேட்கிறோம். காற்று வடிகட்டியைக் கழுவவும், சிலிண்டரின் துடுப்புகளில் அடைந்த புல்லைச் சுரண்டவும், கத்தியைத் தீட்டவும் நாளுக்குக் கால் மணியோ அரை மணியோ ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி எங்கே? இத்தனை நிரை, இத்தனை ஏக்கர் என்று அளந்து கூலி கொடுத்தால், சுத்தம் செய்யும் நேரம் தொழிலாளியின் சொந்த நஷ்டமாகிறது. நஷ்டப்பட்டுச் சுத்தம் செய் என்பதும், செய்யாவிட்டால் பிடித்தம் என்பதும் ஒரே வாயிலிருந்து வரும் இரண்டு அநியாயங்கள். பராமரிப்பு நேரம் வேலை நேரமே. அது செக்ரோலில் ஏற வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம்.

எஞ்சின் எதனால் செத்தது என்று கண்டுபிடிப்பது மந்திர வித்தை ஆகாது. மரத்தில் காயம் பட்டால், உளி ஆழமாகப் போனதா வேறு காரணமா என்று நம் பெண்களே பட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பிஸ்டனும் அப்படியே. எண்ணெய் இல்லாமல் ஓடியதானால் பிஸ்டனின் பக்கங்களில், முக்கியமாகப் புகை வெளியேறும் பக்கத்தில், நெடுக்கே கீறல் விழுந்திருக்கும். தூசி தின்றதானால், காற்று நுழையும் பக்கம் மணல் தாள் தேய்த்தாற்போல் மங்கியிருக்கும். ஓடி ஓடித் தேய்ந்ததானால் வளையம் தளர்ந்து, அழுத்தம் குறைந்து, ஆள் களைத்த பிறகுதான் எஞ்சின் உயிர்பெறும். அழுத்தம் உண்டா என்று பார்க்க மெக்கானிக்குகளிடம் எளிய வழி ஒன்று இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி வைத்து, இழுகயிற்றைப் பிடித்து மெசினை மெதுவாகத் தூக்குவார்கள். நல்ல எஞ்சினானால் கயிறு பிடித்து நிற்கும். அழுத்தம் போனதானால் கயிறு வழுக்கிக்கொண்டே வெளியே வரும். பிஸ்டனைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு தொழிலாளியின் மேல் குற்றம் சாட்டுவது, நாடி பிடிக்காமல் நோய்க்குப் பெயர் வைப்பதாகும்.

ஆயுள் முடிந்த எஞ்சினை ஓட்டுவதால் நஷ்டம் நிருவாகத்துக்கு மட்டும் என்றிருந்தால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். தேய்ந்த எஞ்சின் அதிரும். அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் கெட்டு, தண்டு வளைந்து, கத்தி ஒருபக்கம் கனத்தால் அதிர்வு முழுவதும் கைக்குள் இறங்குகிறது. ஐரோப்பாவில் 2002-ஆம் ஆண்டிலேயே கையதிர்வுக்கு நாள் வரம்பு வைத்துக் கட்டளை பிறப்பித்தார்கள். குளிர் நாட்டில் அதிர்வு நோய் கண்டவனுக்கு விரல் வெளுத்துப்போகும். நம் வெப்ப நாட்டில் வெளுப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. மரமரப்பும் ஊசி குத்துவதும் பிடி தளர்வதுமாகவே வருகிறது. வெளியில் தெரியாததால் "சும்மா சொல்லுகிறான்" என்ற பேச்சும் கூடவே வருகிறது. காலையில் மரம் சீவிவிட்டுப் பிற்பகல் வெளிக்காட்டு வேலைக்கு மெசின் தூக்குகிறவர்கள் நம்மில் உண்டு. உளி எவ்வளவு ஆழம் போகிறது என்பதை விரல்தான் அறியும். அந்த விரல் மரத்துவிட்டால், மறுநாள் மரத்தில் காயம். காயத்துக்கு மறுபடியும் ஒரு பழி!

சத்தமும் அப்படியே. 2019-ஆம் ஆண்டுச் சத்த விதிகள், எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று இந்நாட்டில் வரம்பு கட்டியிருக்கின்றன. ஓட்டை விழுந்த புகைக்குழாயோடு மெசினை ஓட்டச் சொல்லும் நிருவாகம் அந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொடுக்க வேண்டிய காதடைப்பான் போன்றவற்றுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கவும் கூடாது.

பிடித்தத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தீபகற்பத்தில் நடப்பிலுள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது என்கிறது. கூடுதலாகக் கொடுத்த கூலி, முன்பணம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. "மெசின் கெட்டுப்போனதற்கு" என்று அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. ஆகவே, "பாதி நீ கொடு, பாதி தோட்டம் கொடுக்கும்" என்று யாராவது பெருந்தன்மையோடு பேசினால், சரி என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

சொந்த மெசின் வைத்துக் காண்டிராக்டில் புல் வெட்டுகிறவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பிடித்தம் கிடையாது, மெசினே அவர்களுடைய பிடித்தம்! எடுத்துக்காட்டுக்காக, 900 வெள்ளிக்கு வாங்கிய மெசின் 1,500 மணி உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 காசு தேய்கிறது. மாதம் 150 மணிக்கு 90 வெள்ளி. பெட்ரோல், எண்ணெய், கத்தி, பிளக் எல்லாம் இதற்கு மேல். குறைந்தபட்சச் சம்பளமாக 2025-இல் வந்த 1,700 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. அதாவது, மாதத்தில் ஒரு நாளும் அரை நாளை நெருங்கியும் அவர் மெசினுக்காக மட்டும் உழைக்கிறார். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேரம் பேசும்போது இந்த 90 வெள்ளியை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? பேசுகிற எதிர்ப்பக்கத்தார் நிச்சயம் நினைவூட்டமாட்டார்கள். மெசின் நின்ற மாதம்தான் நமக்கு அது தெரிகிறது. அன்று கையில் காசு இருப்பதில்லை.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்விக்கு நமது கருத்து இது. கார்பரேட்டரில் பிசின் படிந்தது, பிளக் கரிந்தது, கயிறு அறுந்தது போன்றவை சில்லறை வேலை, செய்துகொண்டு ஓட்டலாம். பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்து போய், மாற்றும் செலவு புது மெசின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுவதே நல்லது. சிலிண்டர் புதிதானாலும் பேரிங், கிளட்ச், தண்டு எல்லாம் அதே பழைய வயதில் இருக்கும், அடுத்த மாதம் அவற்றில் ஒன்று நிற்கும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. மணி காட்டும் மீட்டர் வாங்கித் தர நிருவாகம் தயங்கலாம். அது இல்லாமலேயே கணக்கு வைக்க வழி இருக்கிறது. ஒரு தொட்டி பெட்ரோல் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று ஒருநாள் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 50 நிமிடம் என்றால், நாளுக்கு ஏழு தொட்டி வாங்கிய மெசின் ஏறத்தாழ 6 மணி ஓடியிருக்கிறது. பெட்ரோல் கொடுத்த கணக்கு ஸ்டோர்ப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மெசினுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு நேரே எழுதிவந்தால் போதும். மெசினின் வயது தானாகவே ஏறிக்கொண்டுவரும். எண்ணெய் மாற்றிய நாளையும் அதே பக்கத்தில் எழுதலாம். கிராணியின் தலையிலும் நாளைக்குப் பழி விழாமல் இருக்க இதுவே துணை. "நீ ஏன் பார்க்கவில்லை" என்று அவரையும் கேட்கத்தான் போகிறார்கள்.

மெசின் கெட்டதற்காக யாரிடமாவது விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், பதில் எழுதும் முன் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். அந்த மெசின் வாங்கிய நாள் முதல் பெட்ரோல் கொடுத்த பக்கங்களின் நகல் ஒன்று. கழற்றிப் பார்த்த மெக்கானிக்கின் எழுத்து ஒன்று. கொடுக்க மறுத்தால் மறுத்தவரின் பதவியையும், மறுத்த தேதியையும், பெரட்டில் கூட இருந்தவர் இருவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள். மேற்கொண்டு பேச வேண்டியதைச் சங்கம் பேசும்.